மாடியில் நடக்கும் கூட்டத்துக்கு முதியவர்கள் எப்படி வருவது? வட சென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களின் குழுத் தலைவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த காலத்தில் தொழிற்சங்கக் கிளையின் செயலாளராகவும் இருந்தேன். இப்போது எங்கள் பகுதியில் மாலையில் கூடிப் பேசும் முதியவர்கள் சிலரோடு சேர்ந்து, முதியோர் உரிமைக்காகவும் இப்பகுதியின் காற்றுக்காகவும் நீருக்காகவும் மனு எழுதுகிறேன், அலுவலகங்களுக்குச் செல்கிறேன், கருத்துக் கேட்புக் கூட்டங்களில் பேசுகிறேன். உங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். வட சென்னையின் சுற்றுச்சூழல் பற்றி முடிவெடுக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும் இப்பகுதியின் முதியவர்களுக்கு உட்கார இடமும், பேச நேரமும், எழுத்தில் பதில் பெறும் உரிமையும் கொடுங்கள். உங்கள் கையிலேயே இருக்கும், வார்டின் வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபையிலிருந்து அதைத் தொடங்குங்கள்.

நகரங்களில் வார்டுக் குழுக்கள் வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் சொல்லி, அது 1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்குமான விதிகள் 2022ஆம் ஆண்டில்தான் கிடைத்தன. கிராமத்தில் கிராம சபை இருப்பதுபோல நகரத்திலும் சாதாரண வாக்காளன் எழுந்து நின்று கேள்வி கேட்கும் சபை ஒன்று வந்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் நான் கலந்துகொண்ட ஒரு பகுதி சபைக் கூட்டம், வேலைநாளின் உச்சிவெயில் நேரத்தில், கைப்பிடி இல்லாத படிக்கட்டு ஏறிச் செல்ல வேண்டிய ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் நடந்தது. முழங்கால் தேய்ந்துபோன எங்கள் தெரு மூதாட்டி ஒருவர் கீழேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தெருக்குழாய்த் தண்ணீரில் வாடை அடிப்பதைப் பற்றிப் பேரனிடம் சொல்லி எழுதிய மனுவை, மேலே ஏறிப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினார். மனு மேலே போயிற்று. அதை யாராவது வாசித்தார்களா, என்ன முடிவெடுத்தார்கள் என்று சொல்ல ஒருவரும் கீழே இறங்கி வரவில்லை. கூட்டம் முடிந்து நாங்கள் வந்தபோது அவர் இன்னும் அங்கேயே காத்திருந்தார்.

தேர்தல் வந்தால் நிலைமை வேறு. 85 வயதைக் கடந்த வாக்காளர் 12டி படிவத்தைக் கொடுத்துவிட்டால், வாக்குப்பதிவு அலுவலர்களும் வீடியோ எடுப்பவரும் காவலரும் அவர் வீட்டுக்கே வந்து, மறைவு வைத்து, வாக்கைப் பெற்றுச் செல்கிறார்கள். 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் இந்தத் தெருக்களிலும் அப்படித்தான் நடந்தது. அது நல்ல ஏற்பாடு; அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஒரு முதியவரின் வாக்குக்காகப் படியேறி வர முடிகிற அரசுக்கு, அவருடைய கருத்துக்காகத் தரைத்தளத்தில் ஒரு கூட்டம் நடத்த முடியாதா என்பதுதான் என் கேள்வி.

முதியோர் என்றால் ஓய்வூதியம், சுற்றுச்சூழல் என்றால் படித்த இளைஞர்களின் அக்கறை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அதிகாரிகளிடம் இருக்கிறது. எங்கள் முதியோர் சங்கங்கள் சிலவற்றிடமும் அது இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவ முகாம், கோயில் சுற்றுலா, ஆண்டு விழாவில் பொன்னாடை என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. வட சென்னையில் இந்தப் பிரிவினை செல்லாது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962ஆம் ஆண்டு மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023ஆம் ஆண்டு 1,200 ரூபாய் ஆனது. இதில் 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்காக மத்திய அரசு தரும் பங்கு இன்றும் 200 ரூபாய்தான். எங்களைப் போன்ற ஆலைத் தொழிலாளர்களுக்கான வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014ஆம் ஆண்டு 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டு, அதே இடத்தில் நிற்கிறது. இந்தப் பணத்தில் ஒரு பகுதி, மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் வாங்கவும், குழாய்த் தண்ணீரை நம்ப முடியாமல் கேன் தண்ணீர் வாங்கவும், இரவில் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே மின்விசிறி ஓடும் கட்டணத்துக்கும் போய்விடுகிறது. காற்றும் நீரும் கெட்டுப்போன ஊரில் ஓய்வூதியத்தை எவ்வளவு உயர்த்தினாலும், உயர்த்திய தொகை மருந்துக் கடைக்கும் தண்ணீர் வண்டிக்கும் போய்ச் சேரும்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007ஆம் ஆண்டு வந்தது. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்ட பிள்ளையிடமிருந்து அதைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. இவை தேவையான பாதுகாப்புகள். ஆனால் அந்தச் சட்டம் முதியவரின் துன்பத்துக்கான காரணத்தைப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. பிள்ளைகள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் முதியவருக்கும் எண்ணூரில் மூச்சுத் திணறுகிறது. மணலியை மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ஆம் ஆண்டிலேயே பட்டியலிட்டது. நுண்துகள்கள் நுரையீரலோடு நிற்காமல் இரத்தத்தில் கலந்து இதயத்தையும் பாதிக்கின்றன. வயதானவர்களுக்கு அந்தப் பாதிப்பு அதிகம் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட செய்தி. வெப்பமும் அப்படியே. வயதானால் வியர்ப்பது குறைகிறது, தாகம் தெரிவதில்லை. இரத்த அழுத்தத்துக்காகச் சிலர் எடுக்கும் மாத்திரையோ உடலின் நீரை மேலும் வெளியேற்றுகிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு அறிவித்தது. அந்த அறிவிப்புக்குப் பிறகு எங்கள் வார்டுகளில் நிழலும் குடிநீரும் உள்ள எந்தக் கூடம் பகலில் முதியவர்களுக்காகத் திறந்திருக்கும் என்று கேட்டால், சொல்லத்தக்க விடை கிடைக்க வேண்டாமா?

துறைமுகத்தின் நிலக்கரித் தூசு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதியவர்களை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலைக்குள் சாம்பல் நிறமான காலம் ஒன்று இருந்தது. சோற்றுப் பானையைத் திறந்து வைக்க முடியாது. திண்ணையைத் துடைத்த துணியைப் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் சொட்டும். மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்ட பின், சென்னை உயர் நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாளுவதை நிறுத்த உத்தரவிட்டது. அது பெரிய வெற்றி, அதற்காக உழைத்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. ஆனால் நிலக்கரி எங்கே போனது? வடக்கே எண்ணூருக்குப் போனது. ராயபுரத்தின் தூசு குறைந்தது, எண்ணூரை அடுத்த அத்திப்பட்டுப் பக்கத்தில் அது சேர்ந்தது. இரண்டு ஊர்களிலும் உறவினர்கள் உள்ள, இரண்டு காலங்களையும் கண்ட முதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு வார்டின் தொல்லையை இன்னொரு வார்டுக்கு மாற்றுவதைத் தீர்வு என்று யாராவது சொல்லும்போது எழுந்து நின்று மறுக்கக்கூடியவர்கள் அவர்கள்தான். கோப்பு இடம் மாறும், அதிகாரி இடம் மாறுவார், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்றமும் மாறும். எந்த ஆலைக்கு என்ன நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள், எந்தக் கூட்டத்தில் யார் என்ன வாக்குறுதி தந்தார்கள் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் இதே தெருவில் இருந்துகொண்டிருக்கிறோம்.

எண்ணூர் முகத்துவாரத்துக்கு அருகே கொசஸ்தலை ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் மூதாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பனையோலையால் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிச் செல்வார்கள். அவர்களில் ஒருவர் என்னைக் கரையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, ஆற்றின் எந்தெந்த இடத்தில் கால் சேற்றில் புதையும், எந்தெந்த இடத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து வழவழவென்று இருக்கும் என்று கையை நீட்டிக் காட்டினார். சாம்பல் படிந்த இடத்தில் இறால் தங்காது, நண்டு வளை போடாது என்றார். முன்பு படகு போன ஆழத்தில் இப்போது எந்த மாதம் தரை தட்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆற்றை அளக்க வரும் பொறியாளர்கள் கருவியோடு வருகிறார்கள், வரட்டும். அந்த அம்மாவையும் அழைத்து உட்கார வைத்து அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ள வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் வைக்க வேண்டும். எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்காக 2024 டிசம்பரில் எர்ணாவூரில் நடந்த கூட்டத்தில் மக்கள் திரண்டு வந்து எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். அவ்வளவு தூரம் வர முடியாத, வந்தாலும் நெரிசலில் ஒலிவாங்கியை எட்ட முடியாத முதியவர்களின் சொல், அவர்கள் வார்டின் பகுதி சபையில் பதிவாகி, தீர்மானமாக அந்தக் கூட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதைச் செய்ய உங்களால் முடியும்.

2023 டிசம்பர் மாதத்தை இப்பகுதி மக்கள் மறக்கமாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் அடித்து வந்து வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிசுக்கைக் கழுவி முடிப்பதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பத்தில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் மக்கள் இருட்டில் சாலைக்கு ஓடினார்கள். நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரு சக்கர வண்டியில் இருவருக்கு நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார் என்ற பட்டியல் அக்கம்பக்கத்தாரின் மனத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021ஆம் ஆண்டு தொடங்கியதிலிருந்து, அதன் பணியாளர்கள் இரத்த அழுத்த மாத்திரையையும் நீரிழிவு மாத்திரையையும் வீடு தேடிக் கொண்டுவந்து தருகிறார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவமும் செய்கிறார்கள். ஆகவே அந்த விவரம் அரசிடமும் இருக்கிறது. அதைக் கொண்டு ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு பேரிடர் பட்டியல் தயாரித்து, எந்த வீட்டுக்கு யார் பொறுப்பு, எந்த வண்டி, எந்தக் கூடம் என்று எழுதி, அதை ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை பார்ப்பதற்கு மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஆலைகளைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் அபாயச் சங்கு ஒலித்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை வயதானவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள்.

முதியவர்களுக்கு அரசியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு வட சென்னையின் வரலாற்றையே பதிலாகச் சொல்லலாம். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று பெரம்பூர்ப் பக்கத்து பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களிடையே உருவானது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அதற்குத் தலைமை ஏற்றார்கள். ஐந்தாண்டு கழித்து, 1923ஆம் ஆண்டு, சிங்காரவேலர் இந்நகரில் மே தினம் கொண்டாடினார். அந்த ஆலைகள் மூடப்பட்டுவிட்டன. ஆனால் ஆலையிலும் துறைமுகத்திலும் ரயில்வே பணிமனையிலும் வேலை செய்து ஓய்வு பெற்ற எங்கள் தலைமுறைக்கு, தொழிலாளர் துறை அதிகாரி முன் நிர்வாகமும் சங்கமும் செய்துகொண்ட 12(3) ஒப்பந்தத்தை ஷரத்து ஷரத்தாகப் படித்து எது விட்டுப்போயிற்று என்று கண்டுபிடிக்கத் தெரியும். கூட்டக் குறிப்பில் சொன்னது ஒன்றும் எழுதியது ஒன்றுமாக இருந்தால் கையெழுத்துப் போட மறுக்கத் தெரியும். அரிசி, பருப்பு, பள்ளிக்கூடம், குடிநீர் என்று போராடிய எங்கள் வீட்டுப் பெண்களுக்கு, ஒரு தெருவையே ஒரு மணி நேரத்தில் திரட்டத் தெரியும். இவ்வளவு பயிற்சியும் மாலைப் பேச்சோடு முடிந்துபோவது இந்த நகரத்துக்கு இழப்பு. தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021ஆம் ஆண்டில் 13.6 விழுக்காடு என்றும், 2031ஆம் ஆண்டில் 18.2 விழுக்காடாக உயர்வார்கள் என்றும் மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது. அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அவர்களை வெறும் பயன் பெறுபவர்களாக நடத்திக்கொண்டு நகரத்தை நடத்த முடியாது.

சுவிட்சர்லாந்தில் 64 வயதைக் கடந்த பெண்கள் 2016ஆம் ஆண்டு ஒரு சங்கம் அமைத்தார்கள். வெப்ப அலையில் முதலில் சாவது வயதான பெண்கள், அதைத் தடுக்க அரசு போதுமானதைச் செய்யவில்லை என்பது அவர்கள் வாதம். உள்நாட்டு நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன, அவர்கள் விடவில்லை. உறுப்பினர்கள் இரண்டாயிரத்தைத் தாண்டினார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024 ஏப்ரல் 9 அன்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் நம் உச்ச நீதிமன்றமும், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டது. எண்ணூரின் மூதாட்டி ஒருவர் அந்த உரிமையைக் கேட்டு நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. தன் வார்டு உறுப்பினரிடம் கேட்டாலே கிடைக்க வேண்டும்.

கொடுங்கையூரைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க இயலாது, ஏனென்றால் அது நேரடியாக உங்கள் மாமன்றத்தின் முடிவு. பல்லாண்டுகளாக நகரத்தின் குப்பையைச் சுமந்த அந்த இடத்தில், பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை ஒருபுறம் நடக்க, மறுபுறம் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை அமைக்க மாநகராட்சி முன்வந்திருக்கிறது. அதை எதிர்த்து 2025 மே மாதம் வட சென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றபோது வயதானவர்களும் வெயிலில் நின்றார்கள். புகையும் துர்நாற்றமும் சூழ வாழ்ந்து முடித்த தலைமுறைக்கு இனி எரிப்பு ஆலையும் வேண்டும் என்பது நியாயமா? மக்கும் குப்பையைத் தெருவிலேயே உரமாக்குவதற்கு நாங்கள் துணை நிற்கிறோம். எங்கள் வயதில் உள்ளவர்கள் வீட்டுக் குப்பையைத் தனித்தனியாக வைத்துப் பழகியவர்கள். உரக் கூடங்களை நாள்தோறும் மேற்பார்வையிடும் பொறுப்பை எங்களுக்குக் கொடுத்தால் ஏற்கிறோம். குப்பையைச் சுமக்கும் தூய்மைப் பணியாளர்களையும் இங்கே நினைக்க வேண்டும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து அவர்கள் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். முதுமையை நெருங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் அவர்களில் பலர். நகரத்தைச் சுத்தமாக வைத்திருந்த கைகளுக்கு முதுமையில் ஓய்வூதியம் உண்டா என்பதும் முதியோர் உரிமையைச் சேர்ந்த கேள்விதான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். பகுதி சபைக் கூட்டங்களைத் தரைத்தளத்தில், சக்கர நாற்காலி நுழையும் இடத்தில், வெயில் தாழ்ந்த பின் நடத்துங்கள். வார்டுக் குழு ஒவ்வொன்றிலும் 60 வயதைக் கடந்தவர்களைச் சேருங்கள், அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். மீனவக் குப்பங்களும் குடிசைப் பகுதிகளும் உள்ள வார்டுகளில் அங்கிருந்தே அவர்கள் வர வேண்டும். காற்று, நீர், குப்பை, வெப்பம் ஆகியவற்றை ஒவ்வொரு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் கட்டாயமாக வையுங்கள். முந்தைய கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு என்ன ஆனது என்பதை அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் தமிழில் உரக்க வாசியுங்கள். கொடுங்கையூர் எரிப்பு ஆலை குறித்துச் சுற்றியுள்ள எல்லா வார்டுகளின் பகுதி சபைகளிலும் விவாதித்து, அந்த முடிவுகளை மாமன்றத்தின் முன் வைத்த பிறகு அடுத்த அடி எடுங்கள்.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்தின் தேதியையும் இடத்தையும் 15 நாளுக்கு முன்பு ரேஷன் கடைப் பலகையிலும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ஓய்வூதியம் வாங்கும் வங்கி வாசலிலும் ஒட்டச் சொல்லுங்கள். தெருக்குழாய்த் தண்ணீர் பற்றிய அந்த மனுவின் நகல் எங்களிடம் இருக்கிறது. அதை எழுதிய அம்மாவையே அழைத்துக்கொண்டு வருகிறோம். அவர் கேட்டதற்கு அங்கேயே எழுத்தில் பதில் தயாராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை